இல்லாத கோளைக் கண்டவர்

விடியற்காலை மூன்று மணிக்கே எங்கள் தாராவிச் சந்தில் விளக்கெரியும். இட்லிப் பானைகளில் ஆவி கிளம்பும். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து, ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்கச் செல்பவர்கள் பொழுது புலர்வதற்குள் வந்து நிற்பார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு மாவு வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தால், இரண்டு கூரைகளுக்கு இடையே ஒரு முழ அகலத்திற்கு வானம் தெரியும். அதில் ஐந்தாறு விண்மீன்கள்; எங்கள் பங்குக்கு அவ்வளவுதான்.

ஒரு நாள் நான் அண்ணாந்து நிற்பதைக் கண்ட அம்மா, அங்கேயும் நம்மைப் போல யாராவது அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்களா என்று கேட்டாள். இயற்பியலில் எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளை அல்லவா? வேறு ஞாயிறுகளைச் சுற்றும் கோள்கள் 6000க்கு மேல் கண்டறியப்பட்டுவிட்டன, ஆனால் அவற்றில் யாரேனும் உண்டா என்பது ஒருவருக்கும் தெரியாது என்று கற்றவன் பாங்கில் விடையளித்தேன். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று மறுகேள்வி பிறந்தது. நம் ஞாயிற்றைப் போன்ற ஒரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 1995இல் காட்டிய சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர் என்றேன். அம்மா திருப்தியடைந்தாள். எனக்குத்தான் ஐயம் எழுந்தது. நூலகத்திற்குச் சென்று புரட்டினேன்.

உண்மையான விடை வேறாக இருந்தது. அதற்கு 140 ஆண்டுகள் முன்னரே, 1855இல், வேறொரு விண்மீனுக்குக் கோள் ஒன்று இருப்பதாக ஒருவர் அறிவித்திருக்கிறார். அறிவித்த இடம் பாரிசும் அன்று, இலண்டனும் அன்று. நம் சென்னை நுங்கம்பாக்கம்! வேற்றுக் கோள்களைத் தேடிய கதையை எழுதுவோர் அவர் பெயரிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கம். வானநூலார் நன்கறிந்த அப்பெயரைத் தமிழ் மாணவனாகிய நான் இருபத்து மூன்று வயது வரை கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன். அவரைப் படித்த நாட்களில் எனக்கே ஒரு சங்கடம் நேர்ந்திருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப், 1813ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஊலாவிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பாதிரியார். பிள்ளைகள் நிறைந்த வீடு. ஆண் மக்கள் பலரைப் பெற்ற ஆங்கிலக் குடும்பங்களுக்கு அந்நாளில் கண்ணில் பட்ட வழி கிழக்கிந்தியக் கும்பினிதான். வில்லியத்தின் அண்ணன் ஜான் ஜேக்கப் சிந்து நாட்டில் படைத்தலைவராகப் பேர் எடுத்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள ஜேக்கபாபாத் நகரம் அவர் பெயரைத் தாங்கியதே. தம்பியின் பெயரால் ஊர் எதுவும் இல்லை. அவர் பெயரைச் சொல்ல ஒரு கோள் இருந்திருக்கலாம். அந்தக் கோளின் கதைதான் இது.

1828இல் கும்பினியாரின் அடிஸ்கூம் படைப்பள்ளியில் சேர்ந்த அவர், தேர்ச்சி பெற்றுப் பம்பாய்ப் பொறியாளர் படையில் அலுவலரானார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த பெரும் நிலஅளவைத் துறையில் அவருக்கு வேலை. பகலில் மண்ணை அளப்பவர், தாம் நிற்கும் இடத்தைச் சரிபார்க்க இரவில் விண்ணை அளந்தாக வேண்டும். விண்ணை அளக்கத் தொடங்கியவருக்கு மண்ணின்மேல் பற்றுக் குறைந்தது போலும்! 1842இல் பூனாவில் தம் சொந்தப் பொருளில் ஒரு சிறு வானாய்வுக் கூடம் அமைத்துக்கொண்டார். அங்கே ஓர் ஐந்தடித் தொலைநோக்கி. அதைக் கொண்டு 244 இரட்டை விண்மீன்களை அளந்து அட்டவணை செய்தார். விருச்சிக மண்டலத்தில் இரட்டை என்று எண்ணப்பட்ட ஒரு மீன் உண்மையில் மூன்று என்பதையும் 1847இல் கண்டு சொன்னார்.

இரட்டை விண்மீன் என்றால் என்ன? கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். ஒன்றையொன்று ஈர்த்து, இரண்டும் ஒரு பொது மையத்தைச் சுற்றி வரும். நம் சிறுமியர் இருவர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நின்று பார்க்கிறோம். இருவர் கையிலும் ஆளுக்கொரு மத்தாப்பு. ஆட்கள் தெரியவில்லை, ஒளி மட்டும் சுற்றுகிறது. சுற்று வட்டம் சீராக இருந்தால் இரண்டு பேர்தான். ஓர் ஒளி மட்டும் அவ்வப்போது இலேசாகத் தள்ளாடினால்? அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கலாம். குழந்தையை நாம் காணவில்லை. அதன் கனத்தைக் காண்கிறோம்.

காணாத பொருளைக் கணக்கால் பிடிக்கும் இந்த முறை அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. சிரியசு விண்மீன் தள்ளாடுவதை வைத்து, அதற்கு ஒளிகுன்றிய துணை ஒன்று உண்டென்று ஜெர்மானிய அறிஞர் பெசல் 1844இல் சொன்னார். யுரேனசின் நடையில் கண்ட பிசகை வைத்து நெப்டியூன் 1846இல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தச் சூழலில்தான் 1848 டிசம்பரில் ஜேக்கப் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவரானார்.

சென்னைக் கூடத்தின் பெருமையை ஈண்டு ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த கட்டடம் அது. அங்கே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் அதன் தொடக்கத்தைத் தமிழிலும் பொறித்து வைத்தார்கள். அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அங்கே இரவுதோறும் கண்விழித்து அளவெடுத்தவர்களில் நம்மவர் பலர். அவர்களுள் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் பின்னாளில், 1867இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தாமே கண்டுபிடித்துப் பெயர் பெற்றார். மற்றவர்களின் பெயர்களை அறிக்கைகளின் முகப்பில் காண முடியாது. துரையின் பெயர் மட்டுமே இருக்கும். ஜேக்கப்பின் கதையைச் சொல்லும்போது, பெயர் வராத அந்தக் கண்களையும் நாம் நினைக்க வேண்டும்.

ஜேக்கப் வந்தபின் பாரிசிலிருந்து ஆறங்குலத்திற்குச் சற்று மிகுந்த ஆடியுள்ள தொலைநோக்கி ஒன்று சென்னைக்கு வந்தது. அதைக் கொண்டு சனிக்கோளின் துணைக்கோள்களை ஆண்டுக்கணக்கில் அளந்தார். சனியின் உள்வளையம் ஒளி ஊடுருவும் மெல்லிய திரை போன்றது என்பதை 1852இல் கண்டவர்களுள் அவரும் ஒருவர்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறொரு சண்டை மூண்டிருந்தது. வேற்றுலகங்களில் மக்கள் உண்டா என்பதே அது. அங்கே அறிவுள்ள உயிர்கள் இருப்பதாக நம்பக் காரணமில்லை என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹ்யூயெல் 1853இல் பெயர் வெளியிடாமல் ஒரு நூல் எழுதினார். உலகங்கள் பல, அவற்றில் உயிர்களும் பல என்று ஸ்காட்லாந்து அறிஞர் புரூஸ்டர் அடுத்த ஆண்டே சீறி எழுந்து மறுத்தார். சமயத்தாரும் அறிவியலாரும் இரு கட்சிகளாகப் பிரிந்தார்கள். இந்த வாதத்தில், பல உலகங்களைப் பற்றி இன்னும் சில சொற்கள் என்னும் பொருள்படும் தலைப்பில், 1855இல் ஒரு சிறு நூல் எழுதிச் சேர்ந்துகொண்டவர் நம் சென்னைக் கூடத்துத் தலைவர்.

ஆனால் நூலெழுதி வாதிடுவது ஒன்று, அளந்து காட்டுவது மற்றொன்று. அந்த ஆண்டிலேயே அவர் இரண்டாவதையும் செய்தார். விருச்சிகத்திற்கு வடக்கே, பாம்பைப் பிடித்து நிற்கும் மனிதனாக மேனாட்டார் உருவகித்த ஒஃபியூக்கஸ் மண்டலம் இருக்கிறது. அதில் 70ஆம் எண் கொண்ட மீன் ஓர் இரட்டை. நமக்கு ஏறக்குறைய 16½ ஒளியாண்டுத் தொலைவு. ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் பாதையை எவ்வளவு திருத்தமாகக் கணக்கிட்டாலும் விண்மீன் கணக்குக்குள் அடங்காமல் சற்று விலகி நின்றது. சென்னையில் எடுத்த அளவுகளை ஜேக்கப் ஆராய்ந்தார். இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அந்த இரட்டையில் ஒன்றைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்கக்கூடும் என்று இலண்டன் வானநூற் கழகத்தின் மாத இதழில் எழுதினார்.

அவர் அளந்த விலகல் எத்தனை சிறியது தெரியுமா? ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை. செம்பூர் இரயில் நிலையத்தில் ஒருவர் ஒற்றை ரூபாய் நாணயத்தைப் பிடித்திருக்க, தாராவியில் நின்று பார்த்தால் அந்த நாணயம் ஏறக்குறைய ஒரு விகலை அகலம் இருக்கும். அந்த நாணயத்தின் ஒரு சிறு துண்டுக்காகத்தான் இத்தனை பாடும். சென்னையின் புழுக்கத்தில், காற்றில் நடுங்கும் ஒளிப்புள்ளியின்மேல் சிலந்தி நூல் போன்ற இழையைப் பொருத்தி, விளக்கொளியில் எண்ணைக் குறித்துக்கொண்டு செய்த வேலை அது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கோள் இருக்கிறது என்று அவர் அறைந்து சொல்லவில்லை. இருப்பதற்கு மிகுந்த வாய்ப்புண்டு என்ற அளவோடு நின்றார். தம் அளவுகளையும் மறைக்கவில்லை. வேண்டுவோர் சரிபார்க்கட்டும் என்று கூடவே வைத்தார்.

சென்னைத் தட்பவெப்பம் அவர் உடலைக் குலைத்தது. 1859இல் பதவியைவிட்டு இங்கிலாந்து திரும்பினார். திரும்பியவர் ஓய்ந்திருந்தாரா? 1860 ஜூலையில் முழுச் சூரிய கிரகணம் காண ஹிமாலயா என்னும் கப்பலில் ஸ்பெயினுக்குச் சென்ற அறிஞர் குழுவில் அவரும் இருந்தார். பூனாவை அடுத்த மலை ஒன்றின்மேல், தெளிந்த காற்றில், ஒரு வானாய்வுக் கூடம் வேண்டுமென்பது அவர் கனவு. அதற்கு அரசு ஆயிரம் பவுன் ஒதுக்கியது. தம் கைப்பொருளில் ஒன்பது அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். மூன்றாண்டு அங்கே பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு மீண்டும் கப்பலேறினார்.

1862 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அது மழைக்காலம். போர்காட் மலையேறும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது மறு ஆண்டில்தான். இன்று நாம் தாதரில் ஏறி ஊருக்குப் போகையில் சுரங்கம் சுரங்கமாக எண்ணி மகிழும் அந்த மலையை, நோயாளியாகிய அவர் இரயில் இன்றிக் கடந்திருக்க வேண்டும். பூனாவை அடைந்தார். ஆகஸ்டு 16ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். வயது 48. கரையிறங்கி எட்டே நாள். வாங்கிவந்த தொலைநோக்கியை அந்த மலையில் வைத்து ஓர் இரவுகூட அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

அதே 1862ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் சிரியசின் துணை விண்மீனைக் கண்ணாலேயே கண்டுவிட்டார்கள். பெசல் சொன்னது மெய்யாயிற்று. முறை சரியென்று உலகம் ஒப்புக்கொண்டது. அப்படியானால் ஜேக்கப்பின் கோள்?

நண்பர்களே, அந்தக் கோள் இல்லை.

1896இல் அமெரிக்கரான சீ என்பவர் அதே எழுபதாம் மீனுக்கு இருண்ட துணை உண்டென்று மீண்டும் முழங்கினார். 1899இல் மோல்டன் என்னும் சிகாகோப் பல்கலைக் கழக இளைஞர், அவ்வாறொரு மூவர் கூட்டம் நிலைத்து நிற்க முடியாது, சிதறிவிடும் என்று கணக்கால் காட்டினார். சீ சினந்து மறுமொழி எழுதினார். அது அவர் பெயரைக் கெடுத்ததே அன்றிக் கோளை உண்டாக்கவில்லை. 1943இல் வேறு இருவர் அங்கே கோள் உண்டென்றனர், அதுவும் நிலைக்கவில்லை. நவீனக் கருவிகள் தேடியும் அங்கே இன்றுவரை ஒரு கோளும் உறுதியாகவில்லை. ஜேக்கப் கண்ட தள்ளாட்டம் விண்மீனுடையது அன்று. அளவையில் புகுந்த சிறு பிழைகளுடையது.

அப்படியானால் தோற்றவர் ஒருவரின் வாழ்க்கையை ஏன் எழுத வேண்டும்? இங்கேதான் என் சங்கடத்தைச் சொல்ல வேண்டும்.

என் ஆய்வுப் பாடத்திற்காக ஓர் உலோகக் கம்பியின் மின்தடை வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். 48 அளவுகளில் 46 ஒரே கோட்டில் நின்றன. இரண்டு மட்டும் விலகின. முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக ஏதோ கண்டுவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தோல் பட்டறையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டார். பின்னர் ஐயம் வந்தது. மூத்த மாணவர் ஒருவர், இரண்டு புள்ளிகளையும் அழித்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று வழிகாட்டினார். புதுமை என்று முழங்குவது ஒரு மயக்கம். சத்தமில்லாமல் அழிப்பது இன்னொரு மயக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். மூன்று முறை திரும்ப அளந்தேன். ஓர் இணைப்பு நெகிழ்ந்திருந்தது. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு!

அப்பாவிடம் சென்று தவறு என்றேன். பட்டறையில் அவர் என்ன முகத்தோடு நிற்பார் என்று அஞ்சினேன். அவரோ, தோலில் ஓட்டை இருந்தால் வாங்குபவன் கண்டுபிடிக்கும் முன் நாமே காட்டிவிட வேண்டும், அப்போதுதான் மறுமுறையும் வருவான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிரவே அந்த இரண்டு அளவுகளையும் காரணத்தோடு ஆய்வேட்டில் சேர்த்தேன். மதிப்பெண் என்ன வரும் என்பது இனிமேல்தான் தெரியும்.

ஓட்டையைத் தாமே காட்டுவது வானநூலிலும் நடந்திருக்கிறது. 1991இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன், துடிப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றிக் கோள் உண்டென்று தம் குழுவினரோடு அறிவித்தார். சில மாதங்களில், பூமி ஞாயிற்றைச் சுற்றுவதற்கான திருத்தத்தில் தாங்களே பிழை செய்ததைக் கண்டார். 1992 ஜனவரியில் வானநூலார் பேரவையில் எழுந்து அதை ஒப்புக்கொண்டார். அவையோர் கைதட்டி அவரைப் போற்றினார்கள். அந்த மாதமே வேறொரு துடிப்பு விண்மீனுக்கு உண்மையான கோள்கள் இருப்பதாக வோல்ஸ்சான், ஃபிரெயில் இருவரும் வெளியிட்டனர், அவை நிலைத்தன.

வேற்றுலக அறிவைத் தேடும் பணியும் இப்படியே நடந்துவருகிறது. 1960இல் அமெரிக்கரான டிரேக் ஏறக்குறைய 11, 12 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இரண்டு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பிச் செவிமடுத்தார். மறு ஆண்டு, பேசக்கூடிய உலகங்கள் எத்தனை இருக்கலாம் என்று எண்ண ஒரு சூத்திரம் வகுத்தார். விண்மீன்களுள் எத்தனைக்குக் கோள்கள் உண்டு என்பது அதில் ஒரு முக்கிய உறுப்பு. அன்று அதற்கு ஊகத்தைத் தவிர விடை கிடையாது. இன்று அந்த ஓர் உறுப்புக்கேனும் அளந்த விடை இருக்கிறது: கோளுள்ள விண்மீன்களே பெரும்பாலானவை. அந்த உறுப்பை ஊகத்திலிருந்து அளவைக்கு இழுக்க முதன்முதலில் கைவைத்தவர் நுங்கம்பாக்கத்துக் கேப்டன். அவர் பற்றிய கயிறு அறுந்தது. பற்ற வேண்டிய இடம் அதுவே என்று அவர் கை காட்டிவிட்டது.

இதுவரை எந்த உலகத்திலிருந்தும் ஒரு குரலும் நமக்குக் கேட்டதில்லை. தவறான கூச்சல்கள் மட்டும் பலமுறை கேட்டன. ஒவ்வொன்றையும் தேடியவர்களே சோதித்துத் தள்ளினார்கள். என்றேனும் ஒரு நாள் மெய்யான குரல் வந்தால் நாம் அதை நம்பப்போவது, முன்பு வந்த பொய்க் குரல்களை அவர்கள் நேர்மையாகத் தள்ளிய காரணத்தால்தான்.

ஜேக்கப் கனவு கண்ட மலைக்கூடம் அவரோடு போயிற்று. ஆனால் அதே பூனா மாவட்டத்தில், நாராயண்காவ் அருகே, நம் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் நிறுவிய 30 பெரும் வானொலித் தட்டுகள், ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவோடு, இரவு பகலாக விண்ணை நோக்கி நிற்கின்றன. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் பூனா நிலையத்தில் வண்டி நிற்கும்போது, அடுத்த முறை ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அப்படியானால் அந்தத் துரை சொன்னது பொய்யா என்று கேட்டாள். பொய் இல்லை அம்மா, தப்பு என்றேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவள் அறிவாள். தலையசைத்துவிட்டு, அடுத்த பானையை இறக்க வரச் சொன்னாள்.